சித்தியின் பல்லும் ஏழு பொத்தான்களும்

சித்தியின் மேல்வரிசையில் முன்பற்கள் நான்கிலும் குறுக்காகப் பழுப்புக் கோடுகள் ஓடின. சிரிக்கும்போது அவளுடைய இடது கை தானாக எழுந்து வாயை மூடிக்கொள்ளும். இடுப்பில் குடம் இருந்தாலும், விரலில் மாவு ஒட்டியிருந்தாலும் அந்தக் கை எழும். விரல்களுக்கு மேலே கண்கள் மட்டும் சிரிக்கும். சிரிப்பு என்பது கண்ணில் நடப்பது என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். எனக்கு ஒன்பது வயது. சித்தி அம்மாவின் தங்கை; செஞ்சியில் எங்கள் வீட்டில் தங்கி டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பெண் பார்க்க இரண்டு இடங்களிலிருந்து வந்தார்கள். ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொன்னார்கள். கடிதம் வரவில்லை. காரணம் என்னவென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவதாகப் பக்கத்து ஊரான அனந்தபுரத்திலிருந்து ஓர் இடம் வருவதாகத் தகவல் வந்தபோது நடுவில் பதினோரு நாட்கள் இருந்தன. இதுவும் தட்டிப்போனால் இனி இந்தப் பக்கத்தில் ஒருவரும் படியேற மாட்டார்கள் என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினோரு நாளில் பல்லை வெளுப்பாக்கிவிடுவது என்று முடிவானது.

அளக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அம்மா பள்ளிச் சீருடைகள் தைப்பாள். அவளுடைய பொத்தான் டப்பாவிலிருந்து ஏழு பொத்தான்களைப் பொறுக்கி, நிற வரிசைப்படி நூலில் கோத்தேன். முதலாவது புதுச் சட்டைப் பொத்தான், பால் வெள்ளை. ஏழாவது நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) பழைய கோட்டிலிருந்து விழுந்தது, காப்பிக்கொட்டை நிறம். சித்தியின் பல் ஐந்தாவது பொத்தானோடு பொருந்தியது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘திங்கள், 5’ என்று எழுதிக் கோடு போட்டேன்.

தினமும் காலையில் பின்கட்டுப் படியில் உட்காருவோம். வெயில் முதலில் கோட்டை மலையான ராஜகிரியின் பாறைகளில் விழும். பாறைகள் ஒவ்வொன்றாக இளஞ்சிவப்பாகி, அப்புறம்தான் வெளிச்சம் எங்கள் தெருவுக்கு இறங்கிவரும். அது படியைத் தொடும்வரை காத்திருப்போம். பிறகு சித்தி கண்ணை மூடி வாயைத் திறப்பாள். தூக்கம் கலையாத முகத்தில், அந்த வெளிச்சத்தில், அவள் ஏதோ கனவில் பாடுகிறவள் போலத் தெரிவாள். நான் பொத்தான்களைப் பல்லோரம் நகர்த்துவேன்.

முதல் இரண்டு நாள் அம்மாவின் யோசனைப்படி செங்கல் தூள். மூன்றாம் நாள் எதிர்வீட்டு அக்கா சொன்ன உப்பும் எலுமிச்சம்பழமும். நான்காம் நாள் நைனா சலித்துக் கொடுத்த அடுப்புக்கரி. நாலு நாளும் ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து. ஐந்தாம் நாள் ஈறிலிருந்து ரத்தம் வந்தது. சித்தி அதைத் துப்பிவிட்டு, எத்தனை என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் ஒருவன் சின்னச் சின்னப் பாட்டில்களில் தண்ணீர் போல எதையோ விற்றுக்கொண்டிருந்தான். தேய்க்கவே வேண்டாம், பஞ்சில் நனைத்துத் தொட்டால் போதும் என்றான். சித்தி ஒன்று வாங்கிவந்தாள். தொட்டாள். சுரீரென்றது என்றாள். நான் பொத்தானை வைத்துப் பார்த்தேன்: மூன்று. இரண்டென்றுகூடச் சொல்லலாம், சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி. அம்மா சாமி விளக்கை ஏற்றினாள். அன்று மதியம் முழுக்கச் சித்தி கண்ணாடி முன்னால் நின்று முந்தானையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். சாயங்காலம் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தவள், சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் பல் பழையபடி ஐந்து. வலி மட்டும் புதிது.

திங்கட்கிழமை அம்மா, சித்தி, நான் மூவரும் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினோம். வழியெல்லாம் பாறைகளும் வயல்களும் வெயிலில் மிதந்தபடி பின்னால் போயின. சித்தி வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு என் தோளில் தூங்கினாள்.

பல் டாக்டர் ஒரு பெண். என்னென்ன போட்டுத் தேய்த்தீர்கள் என்று கேட்டார். அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“செங்கல்லு, கரி, எலுமிச்சம்பழம், அதுக்கு மேல ஆசிட்டு. ஒரு வீட்ட இடிக்கக்கூட இத்தனை பேரு வரமாட்டாங்கம்மா” என்றார் டாக்டர்.

சின்ன வயதில் குடித்த கிணற்றுத் தண்ணீரின் உப்பு, பல் முளைக்கும் முன்பே உள்ளே ஏறிப் படிந்த கோடு இது. தேய்க்கத் தேய்க்கப் பல்தான் தேயும், கோடு தேயாது என்று விளக்கினார். டீக்கறையையும் காறையையும் கருவியால் மெதுவாகச் சுரண்டி எடுத்தார். வீட்டில் மெத்தென்ற பிரஷ், கொஞ்சம் பேஸ்ட், காலையும் இரவும் அழுத்தாமல் வட்டமாகத் தேய்க்க வேண்டும். டீ குடித்தால் வாய் கொப்பளிக்க வேண்டும். பொடி எதுவும் கூடாது. பெரிய ஊர்களில் வெளுப்பாக்க வைத்தியம் இருக்கிறது, அதுவும் டாக்டர் கையால்தான், அதுவும் பல வாரம் ஆகும், இந்தக் கோட்டுக்கு அது பலிக்குமா என்பதும் சந்தேகம் என்றார்.

சித்தி கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டாள். “வெள்ளிக்கிழமைக்குள்ள ஆவாதா?”

“கோடு போகாதும்மா. பல்லு போகாம பாத்துக்கலாம்.”

அப்புறம் என் கையிலிருந்த நூலைப் பார்த்து, அது என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து, கட்டுப்பல் செய்வதற்காக வைத்திருந்த பீங்கான் பற்களின் வரிசையைக் காட்டினார். அவையும் வெள்ளையிலிருந்து பழுப்புவரை நிற வரிசையில் இருந்தன. பல் ஈரமாக இருக்கும்போதுதான் அளக்க வேண்டும், காய்ந்தால் வெளுப்பாகத் தெரியும் என்று எனக்கு மட்டும் தனியாகச் சொன்னார். சனிக்கிழமை எழுதிய ‘3’ஐ அன்றே அடித்துவிட்டேன்.

சுத்தம் செய்த பிறகு நிறம் நான்குக்கு வந்தது. செவ்வாய் நான்கு, புதன் நான்கு. கோடுகள் அப்படியே இருந்தன. வியாழக்கிழமை காலை வெளிச்சம் படியில் விழுந்ததும் சித்தி வாயைத் திறக்குமுன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“இன்னிக்கு நல்லா பாத்து சொல்லு பாப்பா. எத்தினி?”

நல்லாத்தான் பார்த்தேன். நான்கு. “மூணு” என்றேன். நோட்டிலும் மூன்று என்றே எழுதினேன். நான் தெரிந்தே தப்பாக எழுதிய முதல் எண் அதுதான்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அனந்தபுரத்தார் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். முற்றத்தை ஒட்டிப் பாய் விரித்து, தாம்பாளத்தில் வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்திருந்தோம். சித்தி காப்பி கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். தாய்மாமன் மாப்பிள்ளையின் உத்தியோகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அப்போது கோட்டைக் குரங்கு ஒன்று ஓட்டின் மீதிருந்து முற்றத்தில் குதித்து, சாவகாசமாக நடந்துவந்து, தாம்பாளத்தின் முன் உட்கார்ந்தது. தாய்மாமன் ‘ச்சூ’ என்றார். குரங்கு அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. அவரும் பதிலுக்குத் தன் பல்லைக் காட்டினார். வெற்றிலை போட்டுப் போட்டு அவருடைய பல் என் ஏழாவது பொத்தானையும் தாண்டியிருந்தது. இருவரும் அப்படியே கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள்.

சித்தி சிரித்துவிட்டாள். இரண்டு கையும் மடியிலேயே கிடந்தன. நான் அதுவரை கேட்டிராத சத்தம் அது. மாப்பிள்ளையும் சிரித்தார். குரங்கு பழத்தை எடுத்துக்கொண்டு போனது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“பல்லுல இன்னாம்மா அது, கோடு?” என்று கேட்டார்.

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது.

“எங்க ஊருத் தண்ணிங்க” என்றாள் சித்தி. “போவாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. பல்லு உறுதியாத்தான் இருக்குது.”

இந்த முறை கடிதம் வந்தது, நாலாம் நாளே. ஜாதகம் சரியாகப் பொருந்தவில்லை என்று இருந்தது. அம்மா அதை மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் செருகிவிட்டு அழுதாள்.

எல்லாம் என் பொய்யால் வந்தது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. நான் மூன்று என்று சொன்னதை நம்பித்தான் அவள் வாயைத் திறந்து சிரித்தாள். சாயங்காலம் பின்கட்டுப் படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் போய்ச் சொன்னேன். “அன்னிக்கு மூணு இல்ல சித்தி. நாலுதான்.”

“தெரியும்டி. கண்ணாடி இருக்குது இல்ல வீட்ல?”

“அப்ப ஏன் கைய வச்சு மூடிக்கல?”

அவள் ஒரு காம்பைக் கிள்ளி எறிந்தாள். யோசிப்பது போலிருந்தது.

“சிரிப்பு வந்துச்சு. சிரிச்சேன்.”

அது ஒரு காரணமாக எனக்குப் படவில்லை. பெரியவர்கள் உண்மைக் காரணத்தைக் கொஞ்சம் தாமதமாகத்தான் சொல்வார்கள் என்று நினைத்து, அவள் சொல்லி முடிக்கட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ராஜகிரிக்குப் பின்னால் சூரியன் இறங்கி, மலையின் நிழல் தெருத் தெருவாக வந்து எங்கள் படியையும் மூடியது. சித்தி கீரையை ஆய்ந்து முடித்துவிட்டு உள்ளே போனாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.