சீனிப் பொட்டலமும் சீனாக்காரரும்

காதர் பாட்சா சீனாவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் காரைக்கால் கடைத்தெருவில் ஆறு வருஷமாக அவருக்குச் ‘சீனாக்காரர்’ என்றுதான் பெயர்.

பெயர் வந்த விதம் இதுதான். பதினேழு வயதில் கப்பலேறிச் சைகோனுக்குப் போனவர், அங்கே சீனர்கள் வாழ்ந்த பேட்டையில், ஒரு துணிக்கடையில் பத்தொன்பது வருஷம் துணி அளந்தார். 1951இல் ஒரு தகரப்பெட்டி, ஒரு சீனச்சட்டி, தீராத வயிற்றெரிச்சல் மூன்றையும் கொண்டு திரும்பினார். எங்கே இருந்தீர்கள் என்று கேட்டவர்களிடம், “சீனாக்காரங்க தெருவுல” என்றார். கடைத்தெரு ‘தெரு’வை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டது. அவரும் திருத்தவில்லை. பொத்தானும் நூலும் விற்கும் மனிதருக்கு நூகுவின் டீக்கடையில் முதல் நாற்காலி கிடைக்கிறது என்றால், அது அந்தப் பெயரால்தான் என்று அவருக்குத் தெரியும்.

1957இல் வாசகசாலை ஆண்டு விழா வந்தது. ‘சீனத்தின் பழைய நாகரிகம்’ பற்றிப் பேச இருந்த புதுச்சேரிப் பேராசிரியருக்கு அம்மை போட்டுவிட்டது. நோட்டீஸ் அடித்தாயிற்று. செயலாளர் லூர்துநாதன் நேராகப் பொத்தான் கடைக்கு வந்தார்.

“பாய், நீங்கதான் காப்பாத்தணும். சீனாவுலயே இருந்தவங்க. ஒரு மணி நேரம் பேசினாப் போதும்.”

“முசியே, நான் துணி அளந்தவன்…” என்று பிரெஞ்சு மரியாதையோடு இழுத்தார் பாட்சா.

“அடக்கத்தப் பாருங்களேன்! ஞாயித்துக்கிழமை நாலு மணி.”

வீட்டுக்கு வந்த பாட்சா சோற்றைத் தொடவில்லை. மனைவி அமீர் நிஷா ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் வேலை பார்ப்பவர். முனகல் எதுவும் அவரிடம் செல்லாது.

“வயித்து வலின்னு படுத்துடவா புள்ள?”

“படுங்க. வெளக்கெண்ணெ எடுத்தாறேன்.”

“சீனாவுக்கே போகலேன்னு தெரிஞ்சா பேரு போயிடுமே!”

“யாரு உங்கள சீனாவுக்குப் போனதப் பத்திப் பேசச் சொன்னா? சீனாவப் பத்தித்தானே பேசச் சொன்னாங்க? அதுல பாதி நம்ம அடுப்படியிலதான் கெடக்கு.”

அப்படிச் சொல்லிவிட்டு ஒரு கூடையை எடுத்து அமீர் நிஷாவே அடுக்கினார். பீங்கான் கிண்ணம், சீனச்சட்டி, தேயிலை, பட்டுத்துண்டு, காகிதம், ஒரு சரம் சீனவெடி. கடைசியாக இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் சீனி. மற்றதில் பொடித்த சீனாக்காரம், அதாவது படிகாரம். சவரம் செய்த கன்னத்தில் தேய்ப்பதும் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைப்பதும் அதுதான். வார்டு வழக்கப்படி ஒன்றின்மேல் ‘சீனி’ என்றும் மற்றதன்மேல் ‘சீனா’ என்றும் பென்சிலால் எழுதினார். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போகச் சொன்னார். பாட்சா மறந்து போனார்.

விழாவுக்குப் பூவத்திலிருந்தும் குரும்பகரத்திலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். பாட்சா முதலில் கூடையில் இருந்ததை எடுத்து வைப்பதும் மாற்றி வைப்பதுமாக நின்றார். பெண்கள் பக்கத்துப் பெஞ்சியில் அமீர் நிஷா நாடி பார்க்கிறவர் போல முறைத்ததும் பேச்சு வந்தது.

“சீனாவுல ஒரு மஞ்ச ஆறு. வண்டல் கொண்டாந்து வயலுக்குச் சோறு போடும். கோவம் வந்தா ஊரையே தூக்கிட்டுப் போயிடும். அந்தத் தண்ணிய வாய்க்கா வெட்டி வடிச்சவனத்தான் ஆதி காலத்துல ராசாவாக்குனாங்களாம்.”

“நம்மூர்லயும் அப்படி வச்சா நான்தான் ராசா!” என்றார் குரும்பகரத்து விவசாயி ஒருவர். சபை சிரித்தது. பாட்சாவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

“ராசாவுக்குச் சந்தேகம் வந்தா ஆம ஓட்டுலயும் மாட்டெலும்புலயும் சூடு போடுவாங்க. விரிசல் விழுந்த தினுசப் பாத்துக் குறி சொல்லி, கேட்ட கேள்விய அதுலயே எழுதி வப்பாங்க. மூவாயிரம் வருசம் மண்ணுல கெடந்துச்சு. பின்னால வந்தவன் அத நோண்டி எடுத்து, நாகத்தோட எலும்புன்னு மருந்துக்கடையில வித்துட்டான். எங்க தெரு மருந்துக்கடைக்காரரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு, பாதிச் சரித்திரத்த இடிச்சுக் குடிச்சிட்டோம்னு!”

அதன்பின் பட்டுப்புழு ரகசியத்தைக் காத்த கதையும், குதிரை வீரர்களை மறிக்கச் சுவர் எழுப்பிய கதையும், மரப்பட்டையையும் கந்தலையும் கூழாக்கிக் காகிதம் செய்த கதையும் வரிசையாக வந்தன. இந்த வேகத்தில்தான் நூகு டீத் தட்டோடு மேடைப் பக்கம் வந்து கிசுகிசுத்தான்.

“சீனாக்காரரே, முசியேக்குச் சீனி பத்தலயாம். உங்க பொட்டலத்துல ஒரு கிள்ளு.”

பாட்சா பேச்சை நிறுத்தாமல் ஒரு பொட்டலத்தை நீட்டினார். மற்றதை எடுத்து, வாளியிலிருந்து சீனச்சட்டியில் ஊற்றி வைத்திருந்த அரசலாற்றுக் கலங்கல் தண்ணீரில் தூவிக் கிளறினார்.

“இப்பப் பாருங்க, மஞ்ச ஆத்துத் தண்ணி பளிங்கா மாறப் போவுது!”

எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். தண்ணீர் கலங்கியபடியே இருந்தது. ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. தலைமை நாற்காலியில் லூர்துநாதன் டீயை ஒரே மடக்காகக் குடித்தார். உதடுகள் குவிந்தன. கன்னம் உள்ளே போனது. ஏதோ சொல்ல முயன்று சீட்டியடித்தார்.

“அடக் கண்ணவிஞ்ச மனுசா, அது சீனாக்காரம்!” என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அமீர் நிஷா எழுந்து வந்து லூர்துநாதனிடம் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தார். “கொப்புளிச்சுத் துப்புங்க. ஒண்ணும் ஆவாது. ஈறுக்கு நல்லதுதான்.”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் நூகு தாடையைச் சொறிந்தான்.

“அது கெடக்கட்டும். நீங்க சீனாவுல எந்த ஊருல இருந்தீங்க?”

பாட்சா கூடையைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார். அமீர் நிஷா உதவிக்கு வரவில்லை. வாளியில் மிச்சமிருந்த கலங்கலை இன்னொரு சட்டியில் ஊற்றி, நூகுவிடமிருந்து பிடுங்கிய பொட்டலத்தை அதில் தட்டிக்கொண்டிருந்தார்.

“எந்த ஊருலயும் இல்ல. சைகோன்ல, சீனாக்காரங்க தெருவுல இருந்தேன். சீனாவ நான் பாத்ததே இல்ல.”

யாரும் எழுந்து போகவில்லை. பூவத்துக்காரர் ஒருவர் மட்டும், “சரி பாய், அந்தச் சுவரு என்ன ஆச்சு? குதிர தாண்டிச்சா இல்லியா?” என்றார்.

“சில சமயம் தாண்டிச்சு,” என்று தொடங்கிய பாட்சா இன்னும் அரை மணி நேரம் பேசினார். முடிக்கும்போது இரண்டாவது சட்டியில் தண்ணீர் தெளிந்து அடி தெரிந்தது.

மறுநாள் காலை கடைத்தெருவுக்குள் நுழைய அவருக்குக் கால் கூசியது. டீக்கடையில் முதல் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரலாமா என்று யோசித்து நின்றார்.

“வாங்க, சீனாக்காரம் பாய்!” என்றான் நூகு. கடை முழுவதும் சிரித்தது. “சீனி ஒண்ணா ரெண்டா?”

ஆறு வருஷத்துப் பெயரில் ஓர் எழுத்துதான் மாறியிருந்தது. பாட்சா மடியிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“ரெண்டு. டப்பாவக் காட்டிட்டுப் போடு.”