புவனேந்திரனும் பேச்சில்லாத படங்களும்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கடையில் முன்பாதி என்னுடையது. போன் திருத்துகிறேன். பின்பாதியில் என் தங்கை புருஷன் புவனேந்திரன் கல்யாண வீடியோ எடுத்து வெட்டி ஒட்டுகிறான். தங்கையைக் கொடுத்தவன் என்ற முறையில் அவனைப் பற்றி உண்மை பேச எனக்கு முழு உரிமை உண்டு.

ஊரில் எல்லோரும் படத்தைக் கதைக்காகப் பார்ப்பார்கள், சிலர் கதாநாயகிக்காக. இவன் பார்ப்பது பேச்சே இல்லாத படம். சில வெளிநாட்டு டிவிடிகளில் மொழியைத் தெரிவு செய்யும் இடத்தில், கடைசி வரியாகப் பின்னணி இசை மட்டும் என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் வசனம் போய்விடும். கதவு, கார், துப்பாக்கி எல்லாச் சத்தமும் போய்விடும். வாத்தியங்கள் மட்டும் கேட்கும். இசை இல்லாத காட்சியில் ஒன்றுமே கேட்காது. ஒருவன் பத்து நிமிஷம் வாயைத் திறந்து திறந்து மூடுவான். புவனேந்திரன் அடுத்த வயலினுக்காகக் கைகட்டிக் காத்திருப்பான். கோயிலில்கூட அவன் அவ்வளவு அடக்கமாக நின்று நான் பார்த்ததில்லை.

குவைத்துக்கும் கட்டாருக்கும் வீட்டு வேலைக்குப் போகிற தேயிலைத் தோட்டத்துப் பெண்களையும் அவன் விடுவதில்லை. "டிவிடிப் பொட்டிக்குப் பின்னால பொடி எழுத்துல போட்டிருக்கும், பாத்து ஒண்ணு கொண்டாங்க தங்கச்சி" என்று சொல்லி அனுப்புவான். அதுகள் பாவம், கிடைத்த கார்ட்டூனைக் கொண்டுவந்து கொடுக்கும்.

"இந்த எடத்தக் கேளுங்க மச்சான். இசை பதிஞ்ச பொறகு காட்சியக் கொறைச்சிருக்கான். அதுக்காக ரெண்டு தாளத்த வெட்டிட்டு ஒட்டியிருக்கான். ஒட்டு தெரியுதா?"

எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் தெரியுது என்பேன். இல்லையென்றால் முதலிலிருந்து போடுவான்.

கல்யாண வீடியோவில் அவனுடைய முதல் வேலை, கெமராவில் பதிவான சத்தத்தை மொத்தமாக அழிப்பது. இதற்கு அவனை மட்டும் குறை சொல்ல முடியாது, எங்கள் பக்கம் எல்லா வீடியோக்காரர்களும் அப்படித்தான். மைக்செட் அலறும், பிள்ளை அழும், தாலி கட்டும்போது எவனாவது செருப்பைக் காணோம் என்பான். அதையெல்லாம் துடைத்துவிட்டு மற்றவர்கள் சினிமாப் பாட்டைப் போடுவார்கள். இவன் அந்த வெளிநாட்டு இசையை வெட்டிப் போடுவான். முடிச்சு விழும் நொடிக்குச் சரியாக முப்பது வயலின் ஏறும். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மாப்பிள்ளை ஏதோ கப்பலேறிப் போருக்குப் போகிறவன்போல நிற்பான். சனங்களுக்கு அது பிடித்துவிட்டதுதான் அநியாயம்.

அவன் வெட்டியதிலேயே அவனுக்கு மிகப் பிடித்தது ஒரு நிமிஷத் துண்டு. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் துஷாந்த் என்ற பையனின் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா கருப்பம்மா கதிரையில் உட்கார்ந்து, கெமராவைப் பார்த்து ஏதோ பேசுகிறார். அதை மெதுவாக ஓடவிட்டு, கீழே ஒற்றை வயலினைப் போட்டிருந்தான். மூன்று வருஷமாகப் புது வாடிக்கையாளர்களுக்கு அதைத்தான் போட்டுக் காட்டினான். பார்த்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். என் பங்குக்கு நானும் ஒருமுறை சிந்தினேன்.

போன மாசம் துஷாந்தின் அக்கா கலாராணி கடைக்கு வந்தாள். குவைத்தில் இருந்தவள். தம்பி கல்யாணத்துக்கும் லீவு கிடைக்கவில்லை, கார்த்திகையில் அம்மா செத்ததற்கும் கிடைக்கவில்லை. அம்மாவிடம் போனும் இருந்ததில்லை. அவர் குரல் எதிலுமே பதிவாகியிருக்கவில்லை, இந்த ஒரு கல்யாணத்தைத் தவிர.

"வீடியோவுல கதிரையில உக்காந்திருக்கிற எடத்துல அம்மா என்ன சொல்றாங்கண்ணே?"

"வாழ்த்துத்தான் சொல்லியிருப்பாங்க" என்றான் புவனேந்திரன்.

"என்னன்னு சொன்னாங்க?"

அவன் அந்தத் துண்டை ஓடவிட்டான். "அந்த எடத்துல வயலின் எப்படி எறங்குது பாத்தீங்களா தங்கச்சி..."

"வயலின் எங்கம்மா இல்லையேண்ணே."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் ஏதாவது சமாளித்திருப்பான். தணிவாகச் சொன்னாள். புவனேந்திரன் முகம் கறுத்துப் போய்விட்டது. படம் பிடிக்கும்போதே காதில் இயர்போனில் தன் இசையைக் கேட்டுக்கொண்டிருந்ததாகவும், சத்தத்தை அழித்துவிட்டு அந்த மெமரி கார்டில் அடுத்த கல்யாணத்தை எடுத்துவிட்டதாகவும் ஒப்புக்கொண்டான். எனக்கு அவனை ஒரு அறை விடவேண்டும்போல இருந்தது. தங்கையை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

எனக்குத்தான் பவாஸின் ஞாபகம் வந்தது. அவன் புவனேந்திரனோடு கல்யாணங்களுக்குப் போகிற இரண்டாவது கெமராக்காரன், உலகமகா சோம்பேறி. எதையும் அழிக்கமாட்டான். அழிப்பதற்கும் விரலை அசைக்க வேண்டுமே. கார்ட் நிறைந்தால் பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு வேறொன்று வாங்குவான். ஒன்றிலும் பெயர் எழுதியிருக்கவில்லை.

"எல்லாம் அதுக்குள்ளதான் ஈக்கும் மச்சான், தேடிக்கங்க" என்று டின்னை வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

மூன்று நாள் தேடினோம். கலாராணி தினமும் காலை பஸ்ஸில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். நாற்பத்தோராவது கார்டில் கருப்பம்மா வந்தார். புவனேந்திரன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

முதலில் மைக்செட். அப்புறம் பக்கத்திலேயே பவாஸ் முறுக்குக் கடிக்கும் சத்தம். அதற்கு நடுவில் கரகரவென்று ஒரு குரல்.

"ஏய் கலா, நல்லாருக்கியா? நீ அனுப்புன சேலதான், நல்லாப் பாத்துக்க. சாப்பாடு பரவாயில்ல, கறியில உப்புதான் இல்ல. தம்பி பொண்டாட்டி செவப்புதான், ஆனா வாய் கொஞ்சம் நீளம் போல. நீ வந்து அடக்கி வை."

கலாராணி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். திரையில் கருப்பம்மா பக்கத்துக் கெமராவுக்குப் பின்னால் நின்றவனை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, இதுக்கு மேல பாட்டு கீட்டு எதுவும் போட்டுறாதீங்க. எம் மக என் சத்தத்தக் கேக்கணும்."

"சரிங்கம்மா" என்றது ஒரு குரல். புவனேந்திரனின் குரல்.

கலாராணி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, "இன்னொருக்கா போடுங்கண்ணே" என்றாள்.

அன்று ஆறு தடவை போட்டான். ஆறு தடவையும் கருப்பம்மா கேட்டுக்கொண்டார். ஆறு தடவையும் அவன் சரி என்றான்.