வாட்சுக்குத் தேதி சொன்னது யார்

சூரியனே சித்தியிடம் மணி கேட்டுவிட்டுத்தான் கிளம்பும். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு" என்று அவள் சொல்லிவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் பின்னாலேயே நிற்கும். ஒரு வீட்டின் விலை பெறுகிற வாட்சை, தும்மினால் பறந்துபோகும் துண்டுகளாகப் பிரித்துத் துடைத்து, சொட்டு எண்ணெய் வைத்து மறுபடி ஓடவிடுகிறவள். அந்தச் சொட்டைப் பார்த்தால் எறும்புகூட, "இது எந்த மூலைக்கு" என்று போய்விடும்.

அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் புருஷனின் கடைசி மணி தெரியாமல் போனது.

சர்வீஸ் அறைக்குள் போன் கூடாது. அதிலிருக்கும் காந்தம் வாட்சைக் கெடுக்கும். லாக்கரில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, தொப்பிக்குள் முடியைச் செருகிக்கொண்டுதான் போக வேண்டும். மேஜையில் பொட்டுத் தூசி இருந்தாலும் சித்தி அன்றைக்கு யாரையும் வாழவிடமாட்டாள். அந்தப் பத்தாம் தேதி யாருடைய வாட்சையோ திறந்துவைத்து மூன்று மணி நேரம் குனிந்திருந்தாள். சித்தப்பாவுக்கு நெஞ்சு வலித்தது, ஆஸ்பத்திரிக்குப் போனது, முடிந்துபோனது எல்லாம் அந்த மூன்று மணி நேரத்துக்குள். லாக்கரைத் திறந்தால் போனில் பதினேழு அழைப்புகள்.

ஆஸ்பத்திரியில் அவருடைய வாட்சை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அது ஓடிக்கொண்டிருந்தது.

சாவி கொடுக்கிற ரகம் இல்லை அது. கட்டியிருப்பவர் கை ஆட ஆட, உள்ளே ஒரு தகடு சுற்றி ஸ்பிரிங்கை முறுக்கும். கழற்றி வைத்தால் நாற்பது மணி நேரம், அதோடு சரி. சித்தி அதை வீட்டு மேஜை இழுப்பறையில் வைத்து மூடினாள். திறக்கவே இல்லை. அதுவும் நின்றதைப் பார்த்துவிட்டால், சித்தப்பாவுடையது என்று ஓடுவதற்கு இனி ஒன்றும் பாக்கியில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். ராத்திரி ஒரு தட்டு கூடுதலாக எடுத்துவைத்து, அதைச் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுபோனாள்.

அடுத்த மாதம் முதல் தேதி காலை, பழக்க தோஷம், கை தானாக இழுப்பறையைத் திறந்துவிட்டது. அந்த வாட்சுக்கு எல்லா மாதமும் முப்பத்தொரு நாள்தான். முப்பதில் முடிகிற மாதமென்றால் மறுநாள் 31 என்று காட்டும், யாராவது அதை 1-க்குத் தள்ளிவிட வேண்டும். சித்தப்பா அதற்கெல்லாம் மெனக்கெட மாட்டார். கையை நீட்டி, "டாக்டரம்மா, பேஷன்ட் தேதி உளர்றான்" என்பார். ஒன்பது வருஷமாகத் தள்ளிவிட்டவள் சித்திதான்.

வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. தேதி 1.

அக்கா மகளைக் கூப்பிட்டாள். துணைக்கென்று வந்து தங்கியிருந்தவள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் தலைமுழுகிய கழுதை. இதை எழுதுகிறவளும் அவளேதான்.

"இது எப்படிடி ஓடுது?"

"நல்ல வாட்ச் சித்தி. தெருவுல லாரி போறப்பல்லாம் மேஜை ஆடுதுல்ல, அதுல ஓடியிருக்கும்."

"ஓஹோ. போன மாசம் முப்பது நாள்தான்னு அந்த லாரிதான் வந்து சொல்லுச்சாக்கும்."

கழுதை மேலே ஃபேனைப் பார்த்தது.

"எத்தனை நாளா ஆட்டுறே?"

"வந்த நாள்லேருந்து. நீ குளிக்கப் போறப்ப எடுத்துக் கட்டிக்குவேன். என்னிக்காவது நீ திறப்பே. திறக்கிறப்ப அது நின்னுபோயிருந்தா..."

சித்தி திட்டவில்லை. வாட்சை எடுத்து முந்தானையால் துடைத்தாள். மேஜைமேல் வைத்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"இனிமே ஆட்டாதே. நிக்கிறப்ப நான் பக்கத்துல இருக்கணும். இந்தத் தடவையாவது."

வேலைக்கு இரண்டு நாள் லீவு சொன்னாள். போனைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டாள், இனி யார் கூப்பிடப்போகிறார்கள் என்று தெரிந்தும். அக்கா மகள் எதிரில் உட்கார்ந்து புறங்கையால் கண்ணைத் தேய்த்தாள்.

"என்னடி?"

"தூசி விழுந்துடுச்சு."

சித்தி முள்ளிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "என் மேஜையில தூசியா? லாரிக் கதையே தேவலை."