சுவருக்கு அப்பால் இரண்டு பிரெஞ்சுக் குரல்கள்

சிக்னலில் பக்கத்துக் காரிலிருந்து பிரெஞ்சு ராப் கேட்டது. இரண்டு பேர் மாறி மாறிக் கோபப்படும் அந்தப் பாட்டு என்னை, வளைகுடாவில் நாங்கள் இருந்த பழைய அஜ்மான் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி, பகலில்தான் தூக்கம். அடுத்த வீட்டில் என் வகுப்புத் தோழி, அல்ஜீரியாக்காரி சமீரா, இதே பாட்டை அலறவிடுவாள். ஒருநாள் தூக்கம் கெட்ட அம்மா, என்னையும் இழுத்துக்கொண்டு சண்டைக்குப் போனாள்.

"யாரைடி இப்படித் திட்டுறானுங்க? கேளு."

சமீரா ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "பாடுறவங்க தெருவுல போலீஸ் சும்மா சும்மா ஐடி பேப்பர் கேக்குதாம். லிஃப்ட் ரிப்பேராம். அவங்கம்மா ராத்திரியெல்லாம் ஆபீஸ் கூட்டிப் பெருக்கிட்டு வந்து படியேறுறாங்களாம்."

அம்மா கதவில் சாய்ந்தாள். "எத்தனாவது மாடியாம்?"

"அது பாட்டுல இல்லையாம், அம்மா."

"சரி, கலாஸ், போதும். சாயங்காலம் நான் எந்திரிச்சதும் போடச் சொல்லு. முழுசாக் கேக்கணும்."

சாயங்காலம் டீ ஆறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் அம்மா, "அப்புறம்?" என்றாள்.