குடிக்காதவன் கையில் கட்டிய கயிறு

பன்னிரண்டு வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நரம்பணுப் பாடம் நடத்துகிறேன். போர்டில் ஒரு முக்கோணம் வரைவேன். மேலே கிளைகளாக நாலைந்து கோடு, கீழே நீளமாக ஒரு வால். கூம்பு வடிவ நரம்பணு. மூளையின் மேற்பரப்பில் இருந்துகொண்டு தண்டுவடம் வரை வாலை நீட்டி, கையை அசை, நாக்கைப் புரட்டு என்று உத்தரவு போடுவது அதுதான். படம் வரைந்து பாகம் குறிக்காத பிள்ளைகளை நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன். அதே அணுக்கள் என் அண்ணனின் தலைக்குள் செத்துக்கொண்டிருந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனைக் கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போய், குடியை நிறுத்துவதற்கான கயிற்றைக் கட்டவைத்தேன். அவன் வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடித்தவனில்லை.

மட்டாஞ்சேரியில் எங்கள் காலனி முழுக்கத் தமிழர்கள்தான். தாத்தா காலத்தில் துப்புரவு வேலைக்கு வந்தவர்கள். இந்த நாற்றத்தில் கைவைக்கக் குடிக்காமல் முடியாது என்று சொல்லியே பாதி ஆண்கள் குடித்தார்கள். அதனால் காலனிக்கு நாக்குக் குழறினாலும் குடி, கால் பின்னினாலும் குடி. வேறு வியாதியே கிடையாது. அதற்கு வைத்தியமும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை பூஜைக்கு மாரியம்மன் கோவிலில் ஊரே பார்க்கப் பூசாரி மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டுவார். ஒரு வருடம் குடியைத் தொடக்கூடாது, கயிற்றையும் அவிழ்க்கக்கூடாது.

அண்ணனும் துப்புரவு வேலைதான். காலையில் மிளகு, கிராம்புக் கிடங்குகள் இருக்கிற தெருவைப் பெருக்குவான். அப்பா குடித்துக் குடித்தே போனதைப் பார்த்தவன், அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன். அவன் நாக்குத் தடித்துப் பேச்சு குழறியபோது, கையிலிருந்து விளக்குமாறு நழுவியபோது, மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி, "ராவிலே தன்னே தொடங்கியோ?" காலையிலேயே ஆரம்பித்துவிட்டாயா என்று. ஊதிக் காட்டச் சொன்னார். வாடை இல்லை. "கிராம்பு சவைச்சிட்டு வந்நிருக்கு" என்று, வாடையை மறைக்க அதை மென்றதாகவே தீர்ப்பு எழுதிவிட்டார்.

மேஸ்திரியை மட்டும் சொல்வானேன். நானும்தான் சாயங்காலமானால் அவன் வாயை மோந்து பார்த்தேன். வாடை வரவில்லை. வோட்காவாக இருந்தால் வாடை வராது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். படித்தவள் அல்லவா!

பிறகு எதிர்வீட்டு அத்தை இறந்தாள். சின்ன வயதில் எங்கள் இருவருக்கும் சோறு போட்டவள். அண்ணன் பாடைக்குப் பக்கத்தில் நின்று சிரித்தான். வாய்விட்டு, தோள் குலுங்க, நிறுத்தவே முடியாமல் சிரித்தான். அத்தையின் மகன் அவன் சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளினான். எனக்கு உயிரே போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலில் நிறுத்தினேன். "ஞ்..ஞான் குடிக்கல" என்று அவன் சொன்னது குடிகாரன் சொல்வதைப் போலவே குழறி வந்தது. கூட்டம் சிரித்தது. நான் அங்கேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பூசாரியிடம் கையை நீட்டினான்.

அந்தக் கயிறே அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. "கயிறு கெட்டியில்லே? அப்போ சம்மதிச்சாச்சு" என்றார் மேஸ்திரி. கட்டிக்கொண்டதே குற்றத்தை ஒப்புக்கொண்டதுதானாம். வேலைக்குக் குடித்துவிட்டு வந்தான் என்று அவன் பேரில் எழுதி, சஸ்பெண்ட் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இருபத்தாறு வருடம் ஒரு நாள் தவறாமல் தெரு பெருக்கியவனை.

ஒரு காலை சாயா புரையேறி மூச்சுத் திணறியபோதுதான் எறணாகுளத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சின்னப் பெண். அவன் முழங்காலில் சுத்தியலால் தட்டினாள். கால் அளவுக்கு மீறி எகிறியது. உள்ளங்காலில் சாவியால் கீறினாள். கீழே மடங்கவேண்டிய பெருவிரல் மேலே நிமிர்ந்தது. பிறகு என்னிடம் மலையாளத்தில் கேட்டாள், காரணமில்லாமல் சிரிப்பாரா, அழுவாரா என்று. அத்தையின் பாடைக்குப் பக்கத்தில் அவன் சிரித்ததைச் சொன்னேன்.

அவள் காகிதத்தில் ஒரு முக்கோணம் வரைந்தாள், கீழே ஒரு வால். எனக்கே அந்தப் படத்தைச் சொல்லித் தந்தாள். உத்தரவு போடும் அணுக்கள் அழிகின்றன, தண்டுவடத்தில் அதை வாங்கிக்கொள்ளும் அணுக்களும் அழிகின்றன என்றாள். சிரிப்பையும் அழுகையையும் அடக்கிவைக்கும் பிடியும் அதோடு விட்டுப்போகிறது, துக்கத்திலும் சிரிப்பு வெடிக்கும். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், குணமாக்காது. "புத்திக்கு இதுவரை ஒரு குழப்பமும் இல்லா சேச்சி. எல்லாம் மனசிலாகும்" என்றாள், ஆறுதலாக.

ஆறுதலா அது? காலனி பேசியது, மேஸ்திரி பேசியது, நான் பேசியது எல்லாவற்றையும் அவன் முழுப் புத்தியோடு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அத்தைக்காக உள்ளே அழுதுகொண்டே சிரித்திருக்கிறான்.

சான்றிதழை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். நோய் விடுப்பு தந்தார்கள். குடித்தான் என்று எழுதியதை அடிக்கச் சொன்னேன். "எழுதியது எழுதிப் போயி டீச்சரே, இனி எந்து செய்யான்?" என்று கையை விரித்தார் மேஸ்திரி. மேசையைத் தட்டிக் கத்தினேன். அவன் நாக்கு முழுசாக நிற்பதற்குள் அந்த வரி போகவேண்டும் என்றேன். மேலே மனுப் போடச் சொன்னார்கள். போட்டிருக்கிறேன். பதில் இல்லை.

அங்கே முடியாததைக் கோவிலிலாவது முடிக்கலாம் என்று அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணனைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போனேன். அதே பூஜை நேரம், அதே கூட்டம். கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். பூசாரி பின்வாங்கினார்.

"வருஷம் திகையாம அவுத்தா சாமி குத்தமாகும், மோளே."

"குடிக்காதவனுக்குக் கட்டினீங்களே, அது குத்தமில்லையா?" என்றேன். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். "எங்க அண்ணன் குடிச்சதே இல்ல. இது தலைக்குள்ள வர்ற நோய். தெரிஞ்சிருக்க வேண்டியவ நான். எனக்கே தெரியல." ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தையின் மகன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அதுவும் போதவில்லை.

கைப்பையில் இருந்த கத்தரிக்கோலால் நானே கயிற்றை வெட்டினேன். அவன் மெலிந்த மணிக்கட்டில் அதுவரை அது வளையமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதும் எனக்கு அவன் மீது கோபம்தான் வந்தது.

"குடிக்காதவன் எதுக்குண்ணா கையை நீட்டினே?"

பதில் சொல்ல அவனுக்கு நேரம் பிடித்தது. நான்கு முறை முயன்றான். கடைசியில் வந்தது.

"நீ... அழுதே."