மாமாவின் முகம் காகிதத்தில் நின்ற விதம்

மாமாவுக்கு நெஞ்சில் பைபாஸ் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் டாக்டர் சொன்னால் மட்டும் போதாது, கோயில் பல்லியும் சத்தம் கொடுத்துக் கவுளி சொல்ல வேண்டும். அத்தை போய் சாமி முன்னால் உட்கார்ந்தாள். பல்லி வாயே திறக்கவில்லை.

முகம் வாடித் திரும்பியவள் கண்ணில் நான்தான் பட்டேன். லீவுக்கு மாமா ஊரான வெண்ணந்தூர் வந்தால் எனக்கு வேலை ஒன்றுதான். ஜெலட்டினைக் காய்ச்சி, வெள்ளி உப்பைக் கலந்து, காகிதத்தில் பூசி, கையாலேயே கருப்பு வெள்ளைப் படம் போடுவேன். அன்று குளியலறையில் மாமாவின் படத்தை அலசிக்கொண்டிருந்தேன். சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் டீ போடலாம் போல வரும். ஜெலட்டினுக்குச் சூடு ஆகாது. மாமாவின் முகம் காகிதத்தை விட்டுக் கழன்று, மீசையோடு சாக்கடை ஓட்டையை நோக்கி நகர்ந்தது. அத்தை அலறிக்கொண்டே டீ வடிகட்டியால் அதை அள்ளினாள்.

“இதுதாஞ் சாமி சகுனம். மூஞ்சி காயிதத்துல நின்னாத்தான் உங்க மாமனை ஆசுபத்திரிக்கு உடுவேன்.”

பல்லியின் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஜெலட்டினுக்கும் மாமாவின் நெஞ்சுக்கும் சம்பந்தமே இல்லை, அது மாட்டெலும்பில் செய்வது என்று விளக்கினேன். அதோடு ஜெலட்டின் காய்ச்சும் என் சட்டி சமையல்கட்டை விட்டு வெளியேறியது.

படிகாரம் கலந்து கெட்டிப்படுத்திப் பார்த்தேன். கண் நின்றது, காது போனது. “காது கேக்காமப் போயிருமா?” என்று அத்தை அழுதாள். மாமா தின்பண்டத் தட்டோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மாமாவின் கோழிப்பண்ணையில் கிருமி சாகக் கொட்டகைக்குப் புகைபோட வைத்திருக்கும் ஃபார்மலின் நினைவுக்கு வந்தது. ஜெலட்டினை இறுக்குவதில் அது பெரிய முரடன். மாமாவே கேனை எடுத்துக் கொடுத்தார், ரொம்ப யோசித்துத்தான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சில சொட்டுகள் கலந்து பூசி, இருட்டறையில் நன்றாக இறுக விட்டு, பிறகு படம் போட்டேன்.

அலசினேன். அசையவில்லை. மீசை, காது, கழுத்து மச்சம் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நேரம் மாமா வெந்நீர்ச் சொம்போடு வந்தார்.

“ஒருக்கா இதையும் ஊத்திப் பாத்தரலாம் சாமி.”

“எதுக்குங்க மாமா? அதான் நின்னுருச்சே.”

மாமா படத்திலிருந்த தன் முகத்தின் மேலேயே ஊற்றினார். ஆவி பறந்தது. படம் அப்படியே இருந்தது. சொம்பு காலியானதும் படம் அலசும் தட்டில் கிடந்த தண்ணீரையே மொண்டு மறுபடி ஊற்றினார்.

“பயமா இருக்குது” என்றார், யாரையும் பார்க்காமல்.

அத்தை சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

“எனக்குந்தானுங்க. இனிச் சாக்குச் சொல்ல நம்ம ரெண்டு பேருகிட்டயும் ஒண்ணுமில்ல. கெளம்புங்க.”