கசேரை மேல் ஏறிய பாய்

ஹாலந்தில் என் மகள் இருக்கும் தெருவில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. அவர்கள் சாப்பிடுவது, பேப்பர் வாசிப்பது, பூனையைக் கொஞ்சுவது எல்லாவற்றையும் தெருவில் போகிறவர்கள் பார்க்கலாம். ஆனால் காப்பிக்குக் கூப்பிட்டால், டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட் எடுத்துத் தந்துவிட்டு உடனே மூடிவிடுவார்கள். வீட்டைத் திறந்து போட்டுவிட்டு டப்பாவை மூடுகிற இந்த ஜனம் முதலில் எனக்குப் பிடிபடவே இல்லை. நம் ஊரில் ஜன்னலைச் சாத்திவிட்டு, வந்தவர் போதும் போதும் என்று கையெடுத்துக் கும்பிடும்வரை தட்டை நிரப்புவோம். எது நல்லது என்று அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் சொல்வதற்கில்லை. ஒரு பிஸ்கட் என்றால் மிச்சம் வைக்கிற சங்கடம் இல்லை, அதை மட்டும் சொல்லலாம்.

என்னைக் காப்பிக்குக் கூப்பிட்டது பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிட நாலு வயது மூத்தவள், தனியாள். பெயரை எழுதினால் ஜோக், கூப்பிட்டால் யோக்கே. மகள் ஷீபா நர்ஸ் வேலைக்குப் போன பின் நான் கதவைச் சாத்திக்கொண்டு வேதப்புத்தகத்தோடு இருப்பேன். வெளியே எனக்குப் பெயர் ஷீபாவின் அம்மா. அந்த நாட்டில் என்னை எனக்காக வீட்டுக்குள் கூப்பிட்டவள் யோக்கே ஒருத்திதான். அதுவும் புதன்கிழமை, காலை பத்து மணி. இரண்டு நிமிஷம் முன்னால் போனால் கடிகாரத்தைப் பார்ப்பாள்.

முதல் நாள் அவள் ஒரு கசேரையை, அதாவது நாற்காலியை, இழுத்துப் போட்டு "ஸ்டூல்" என்றாள். முதுகு சாய்கிற கசேரைக்கு அங்கே ஸ்டூல் என்றுதான் பெயராம். நான் கூச்சத்தில் "வேண்டாம்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. உள்ளே போய் ஒரு மேப்பைக் கொண்டுவந்து விரித்து, வடக்கே ஒரு ஊரை விரலால் தொட்டு, "வேண்டாம்?" என்று கேட்டாள். அந்தப் பெயரில் அங்கே நிஜமாகவே ஒரு ஊர் உண்டு. வெட்கத்தில் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். அன்றிலிருந்து அந்தத் தெருவில் நான் வேண்டாம் ஊர்க்காரி. "எப்பம்மா அங்க போயித் தாமசிச்சிய?" என்று ஷீபா கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள்.

அந்தக் கசேரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு உண்டு; எனக்குப் போடுவதைத் தவிர மற்றதில் எல்லாம் மெத்தை கிடக்கும். யோக்கேயின் தாத்தா தன் கல்யாணத்துக்கு வாங்கியவை, நூறு வயது இருக்கும். நம் ஊர் ஆசாரி பார்த்தால், பாதி வேலையில் விட்டுவிட்டுப் போனது யார் என்று கேட்பார். கடைசல் இல்லை, பூ இல்லை, சுருள் இல்லை. நேர்நேராகச் சட்டங்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அதுதான் புதுப் பாணியாம். அலங்காரம் எதற்கு, மரம் மரமாகவே தெரியட்டும் என்று நினைத்த ஆட்கள் செய்தது. இந்த மாதிரிக் கசேரையைக் காட்சிசாலையில் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஷீபா சொன்னாள். இருக்கிற இடம் மட்டும் கோரை. முறுக்கிய கோரையை நாலு பக்கமிருந்தும் பின்னி, தபால் உறையின் முதுகு போல நாலு முக்கோணமாக நடுவில் சேர்த்திருப்பார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் "மத்". பாய்தான், என்றாள் ஷீபா.

பாய் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் இரண்டே கசேரை. போதகர் வருகிற அன்று துடைத்து வெளியே வரும், அவர் போனதும் உள்ளே போகும். சபையில் ஆண்களுக்குப் பெஞ்சு, எங்களுக்குப் பாய். வீட்டில் எனக்கு அடுக்களையில் சாண் உயரக் குரண்டிப் பலகை. நாலு பேர் பார்க்க நான் கசேரையில் ஏறி இருந்தது கல்யாணத்தன்று ஒரு நாள்தான். அன்றும் கால் தரையில் எட்டவில்லை. பெண்ணுக்கு உயரம் போதாது என்பதை நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். பாய்க்கும் கசேரைக்கும் இடையில் ஒரு முழ உயரம். அதை ஏற எனக்கு ஐம்பது வருஷம் ஆனது. இவர்களோ பாயையே தூக்கிக் கசேரை மேல் வைத்துவிட்டார்கள்.

பாய்தானே என்று நானும் பாயில் இருப்பது போலவே இருந்தேன். தொங்கப் போட்டால் கால் வீங்குகிறது. யோக்கே அடுக்களைக்குப் போனதும் காலை மடக்கிச் சம்மணம் போட்டுக்கொள்வேன், அவள் வரும் சத்தம் கேட்டதும் இறக்கிவிடுவேன். ஆறு மாதம் இப்படிப் போனது. ஒரு புதன்கிழமை அடியில் ஓலை கிழிகிற சத்தம். ஒரு கை அளவு கீழே இறங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் நடுவில் ஓட்டை. நான் செய்த காரியத்தை எழுதக் கை கூசுகிறது. சோபாவில் கிடந்த குட்டித் தலையணையை எடுத்து ஓட்டையை மூடினேன். காப்பியைச் சூட்டோடு விழுங்கிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மூன்று புதன்கிழமை போகவில்லை; ஷீபாவிடம் மூட்டுவலி என்றேன். அவள் மணி அடித்தால் மாடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். காட்சிசாலையில் கயிறு கட்டி வைக்கிற பொருளை உடைத்தவளை இனி யார் உள்ளே விடுவார்கள்? பத்து மணி அடிக்கும்போது போவதற்கு ஓர் இடம் இல்லை என்பது, வந்த நாளில்கூட அப்படி உறைத்ததில்லை. கடைசியில் ஷீபாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"முட்டுவலின்னு பறஞ்சு இன்னும் எத்தன நாளு ஒளிச்சிருப்பிய? போயிச் சொல்லிருங்கம்மா."

"நீயும் கூட வா, மக்கா."

"உடச்சது நீங்களாக்கும். நான் இல்ல."

துணி துவைக்கும் மெஷின் நின்றுபோனபோது வந்த ஆள் சொன்ன ஒரு சொல் எனக்குத் தெரியும். கபோட், கெட்டுப்போச்சு. நான் என்பதற்கு இக். இரண்டையும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். வழி என்றால் இருபது எட்டு வைக்கிற தூரம். கதவு திறந்ததும் "இக் கபோட்" என்றேன். நான் உடைத்தேன் என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. நான் உடைந்துபோனேன் என்று அவளுக்குக் கேட்டிருக்கிறது. என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் சோபாவில் இருத்தி, தண்ணீர் தந்து, டாக்டருக்குப் போன் போடப் போனாள். நான் எழுந்து ஓடித் தலையணையைத் தூக்கி ஓட்டையைக் காட்டினேன். கண் நிறைந்துவிட்டது.

யோக்கே போனைக் கீழே வைத்தாள். ஓட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மேசையைச் சுற்றி வந்து மற்ற ஐந்து கசேரைகளின் மெத்தைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கினாள். ஐந்திலும் ஓட்டை. "சாரி, சாரி" என்றாள். அந்த ஒரு சொல் அங்கும் இங்கும் ஒன்றுதான்.

சாயங்காலம் ஷீபா போய்ப் பேசிவிட்டு வந்து சொன்னாள்: "இருந்ததுல நல்லது அது ஒண்ணாக்கும் அம்மா. அதனாலதான் உங்களுக்கு எப்பவும் அதப் போட்டிருக்கு. அன்னைக்கே தலையணையத் தூக்கிப் பாத்தாளாம். அதும் பிஞ்சதும், வீட்டுக்கு வந்த ஆள விழத்தட்டிட்டேன், கோவிச்சிட்டு வராம இருக்காங்கன்னு மூணு வாரமா உறக்கமில்லியாம். வேண்டாமுக்கே திரும்பிப் போயாச்சான்னும் கேட்டா."

கோரை பின்னுகிற ஒருவருக்கு யோக்கே சொல்லி அனுப்பினாள். முறை வர இரண்டு மாதம் ஆகும், இப்போதைக்கு ஒன்றுதான் எடுப்பேன், எது என்று அவர் கேட்டாராம். யோக்கே என்னுடையதைத் தொட்டாள். என்னுடையது என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும். அது பின்னி வருவதற்குள் எனக்கு ஊருக்குப் புறப்பட வேண்டியிருந்தது.

இப்போது பாறசாலையில் மகன் வீட்டில் இருக்கிறேன். பெட்டியைத் திறக்கும் முன்பே எல்லோரும் கேட்டது, எப்போது திரும்பிப் போகிறாய் என்பதுதான். நேற்று காரக்கோணத்திலிருந்து மைனி, என் அண்ணன் மனைவி, வந்திருந்தாள். மத்தியானச் சோற்றுக்கு இருந்த நேரத்தில் ஷீபா போனில் ஒரு படம் அனுப்பினாள். யோக்கேயின் முன்னறை. புதுக் கோரை இன்னும் பச்சை மாறாமல் இருக்கிறது. மைனி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இதென்ன மக்கா, ஆளில்லாத வெறுங் கசேரையப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கு?"

"அதுல நானாக்கும் மைனி இருப்பேன்."

"அப்பம் இங்க இருக்கியது ஆரு?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். போனை வாங்கி மறுபடியும் பார்த்தேன். அந்தக் கசேரை மட்டும் மேசையை விட்டுக் கொஞ்சம் விலகி, ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடம் விட்டு நின்றது.